காரின் விலையைப் பார்த்தோம், ஆசனத்தைப் பார்த்தோமா?

2020 மார்ச் மாதம் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. ஏறத்தாழ ஐந்து வருடங்களைப் பழைய வாகனத்தோடு கடத்திய எமது வியாபாரிகள் பலர் அதன் பின்னரே புதிய வாகனம் பற்றி யோசிக்கத் தொடங்கினர். நான்கு வியாபாரிகள் கூடும் இடத்தில் பேச்சு கார் பக்கம் திரும்பாமல் இருப்பதில்லை. வரி எவ்வளவு? லீசிங் தவணை எவ்வளவு? ஹைபிரிட்டா, பெற்றோலா? மூன்று வருடம் கழித்து விற்றால் என்ன கிடைக்கும்? எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் ஒரு கேள்வியை மட்டும் அநேகமாக எவரும் கேட்பதில்லை. இந்தக் காரின் சாரதி ஆசனம் எனது உடம்புக்குப் பொருந்துமா?

இது சொகுசு பற்றிய பேச்சு, வியாபாரப் பக்கத்தில் இதற்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். கணக்குப் பார்ப்போம். அக்குறணையில் கடை வைத்திருக்கும் ஒருவர் சரக்கு எடுப்பதற்காக வாரத்தில் இரண்டு தடவை கொழும்பு வந்து போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வழிக்கு 4 மணித்தியாலம் என்றால் வாரத்துக்கு 16 மணித்தியாலம். வருடத்தில் 50 வாரம் என்று எடுத்தால் 800 மணித்தியாலம். எட்டு மணித்தியால வேலை நாளாகப் பிரித்தால் முழுதாக 100 நாட்கள். வருடத்தில் 100 வேலை நாட்களை அந்த மனிதர் ஒரே ஆசனத்தில் கழிக்கிறார். காத்தான்குடியிலிருந்தும் கல்முனையிலிருந்தும் வருபவர்களுக்கு ஒரு பயணமே 300 கிலோமீற்றரைத் தாண்டும். அவர்களுடைய கணக்கு இன்னும் நீளம்.

காலுக்குச் செருப்பு வாங்கும்போது போட்டு நாலடி நடந்து பார்க்கிறோம். கடைக்கு ஒரு கதிரை வாங்கினாலும் உட்கார்ந்து பார்த்துத்தான் வாங்குகிறோம். வீட்டுக்கு அடுத்தபடியாக அதிக பணம் கொடுத்து வாங்கும் பொருளை மட்டும் படத்தைப் பார்த்து, நிறத்தைப் பார்த்து, மற்றவர் சொல்லைக் கேட்டு வாங்கிவிடுகிறோம். சுபஹோடு புறப்பட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு புறக்கோட்டையில் இறங்குகிறவருக்கு விலை பேசும் பொறுமை எங்கிருந்து வரும்? திரும்பும் வழியில் களைத்த உடம்போடு கடுகண்ணாவை வளைவுகளில் அவர் பிரேக் மிதிக்க வேண்டியிருக்கிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

புதிய காரில் ஏன் வலிக்கிறது?

பெரும்பாலும் குறை காரில் இல்லை. வேனில் உயரத்தில் அமர்ந்து கால்களைக் கீழே மடித்து ஓட்டிப் பழகியவர் காருக்கு மாறும்போது கால்கள் முன்னோக்கி நீள்கின்றன. அவரோ பழைய பழக்கத்தில் ஆசனத்தை முன்னுக்கு இழுத்து, ஸ்டியரிங்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓட்டுகிறார். இன்னொருவர் இதற்கு நேர்மாறாகச் சாய்வு நாற்காலியில் படுத்திருப்பதுபோல ஓட்டுகிறார். இரண்டு பேருக்கும் ஒரு மாதத்தில் வலி வரும். இரண்டு பேரும் காரைத்தான் குறை சொல்வார்கள்.

வாகனத்தின் அமைப்பும் ஒரு காரணமே. ஜப்பானில் தயாராகி இங்கு வரும் வெகன் ஆர் போன்ற சிறிய கார்கள் அந்நாட்டின் 'கெய்' வகையைச் சேர்ந்தவை. அந்த வகைக்குள் அடங்க வேண்டுமானால் நீளம் 3.4 மீற்றரையும், அகலம் 1.48 மீற்றரையும், இயந்திரம் 660 சீசீயையும் தாண்டக் கூடாது. அவ்வளவு இடத்துக்குள் செய்யப்பட்ட கார் நகரத்துக்குள் ஓடுவதற்கு மிகச் சிறந்தது. அதையே உயரமான, உடம்பு பருத்த ஒருவர் வாரம் இரண்டு முறை தூரப் பயணத்துக்கு எடுப்பதாக இருந்தால் முதலில் உட்கார்ந்து பார்ப்பது அவசியம்.

விலை குறைந்த பல மாதிரிகளில் ஸ்டியரிங் மேலும் கீழும் மாத்திரமே அசையும். முன்னும் பின்னும் வராது. கால் நீளமானவர் காலுக்காக ஆசனத்தைப் பின்னுக்குத் தள்ளினால் கை எட்டாது. கைக்காக முன்னுக்கு இழுத்தால் முழங்கால் இடிக்கும். இந்த ஒன்றைக் கடையில் வைத்தே பார்த்துவிட்டால் பின்னர் வரும் பாதித் தொல்லை குறையும்.

எந்த ஒழுங்கில் சரி செய்வது?

ஆசனத்தைச் சரி செய்வதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. வாகனத்தை நிறுத்தி வைத்துத்தான் இதைச் செய்ய வேண்டும்.

முதலில் இடுப்பு ஆசனத்தின் மூலையைத் தொடும்படி நன்றாகப் பின்னுக்குத் தள்ளி உட்காருங்கள். அடுத்தது தூரம். இயந்திரத்தை இயக்கிவிட்டு பிரேக்கை முழுதாக அழுத்துங்கள். கியர் கார் என்றால் கிளட்சையும் அழுத்திப் பாருங்கள். அப்போதும் முழங்கால் சற்று மடிந்திருக்க வேண்டும். கால் விறைத்து நீண்டால் தூரம் அதிகம். ஆசனத்தின் விளிம்புக்கும் முழங்காலின் பின்புறத்துக்கும் இடையில் இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். விளிம்பு அங்கே அழுத்தினால் கால் மரத்துப்போகும்.

மூன்றாவது உயரம். பாதை தெளிவாகத் தெரியும் அளவுக்கு உயர்த்துங்கள், தலை கூரையில் முட்டக் கூடாது. நான்காவது சாய்வு. செங்குத்துக்குச் சற்றுப் பின்னால், 100 முதல் 110 பாகை வரை போதும். தோள் ஆசனத்தை விட்டு விலகாமல் கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் மேல் விளிம்பில் படிய வேண்டும். விரல் நுனி மட்டும் பட்டால் தூரம். முழங்கை அங்கே போனால் கிட்ட. ஸ்டியரிங்குக்குள் எயார்பேக் இருப்பதால் அதன் நடுவுக்கும் நெஞ்சுக்கும் இடையில் குறைந்தது 25 சென்ரிமீற்றர் இருக்க வேண்டும். விபத்தில் அது விரியும் வேகம், மிக அருகில் இருப்பவரைக் காயப்படுத்தும்.

அடுத்தது ஹெட்ரெஸ்ட். பெயரைப் பார்த்துப் பலர் இதைத் தலை சாய்க்கும் மெத்தை என்று நினைக்கின்றனர். பின்னால் இன்னொரு வாகனம் மோதும்போது கழுத்தைக் காப்பதே அதன் வேலை. அதன் மேல் விளிம்பு உச்சந்தலை மட்டத்துக்கு வர வேண்டும், தலைக்கும் அதற்கும் இடைவெளி குறைவாக இருக்க வேண்டும். ஆசனப் பட்டி வயிற்றின் மீதல்ல, இடுப்பு எலும்பின் மீது கிடக்க வேண்டும். கண்ணாடிகளைக் கடைசியாகத் திருப்புங்கள். ஆசனத்தை அசைத்தால் கண்ணாடியில் தெரிவதும் மாறிவிடும்.

இவ்வளவுக்கும் ஐந்து நிமிடம் போதும். ஒரு சதமும் செலவில்லை.

நாம் செய்யும் வேலைகள்

சில தொல்லைகளை நாமே வாங்கிக் கட்டிக்கொள்கிறோம். புதிய காரின் பொலித்தீன் உறையை மாதக்கணக்கில் கழற்றாமல் வைத்திருப்பது அதில் ஒன்று. எமது வெப்பத்தில் அது வியர்க்கும், வழுக்கும். வழுக்குகிற உடம்பு ஓரிடத்தில் நிற்பதில்லை. ஆசனத்தின் பக்கவாட்டில் எயார்பேக் உள்ள வாகனங்களில் பொருத்தமில்லாத உறை போட்டால் அது விரிவதற்கும் தடையாகலாம். இரண்டாவது, பின் பையில் தடித்த பணப்பை. அதன் மேல் நான்கு மணித்தியாலம் உட்கார்ந்தால் இடுப்பு ஒரு பக்கம் சரிகிறது. கொழும்புக்குச் சரக்கெடுக்கப் போகிறவரின் பணப்பை மெல்லியதாகவா இருக்கும்? ஏறும் முன் எடுத்து வைத்துவிடுங்கள். மூன்றாவது, வலி வந்தவுடன் ஒரு குஷன் வாங்கி வைப்பது. ஆசனத்தைச் சரி செய்யாமல் குஷன் வைத்தால் உயரமும் தூரமும் எல்லாம் மாறும். சரி செய்த பிறகும் கால் மரத்தால், வலி காலுக்கு இறங்கினால், பார்க்க வேண்டியது வைத்தியரை.

"கொஞ்ச நாளில் உடம்பு பழகிவிடும்" என்று சொல்வோரும் உண்டு. மிதியின் கனம், காரின் அகலம், கண்ணாடியின் அளவு இவையெல்லாம் ஒரு வாரத்தில் பழகும். எட்டாத ஸ்டியரிங்கும் இடிக்கும் முழங்காலும் பழகுவதில்லை. உடம்பு வளைந்து கொடுக்கிறது, அதற்கான விலை பின்னர் அறவிடப்படுகிறது.

ஆகவே வாங்குவோருக்கு ஓர் ஆலோசனை. முற்பணம் கட்டும் முன் குறைந்தது 20 நிமிடமாவது அந்த ஆசனத்தில் உட்காருங்கள், முடிந்தால் ஓட்டிப் பாருங்கள். கீறல் விழும், நேரமில்லை என்று சொல்லும் கடையில் அவசரப்பட வேண்டியதில்லை. ஜப்பானிலிருந்து ஏல அறிக்கையைப் பார்த்து எடுப்பிப்பவர்கள் அதே மாதிரி கார் வைத்திருக்கும் உறவினரிடம் கேட்டு ஒரு நாள் ஓட்டிப் பார்க்கலாம். ஓடிய தூரமும் அடிபட்ட இடமும் அந்த அறிக்கையில் இருக்கும். உங்கள் முழங்காலின் நீளம் அதில் இருக்காது.

விற்போருக்கும் இதில் இலாபமே. பொருந்தாத காரை வாங்கியவர் ஆறு மாதத்தில் அதைக் குறைந்த விலைக்குத் தள்ளுவதோடு, விற்றவரையும் நாலு பேரிடம் குறை சொல்வார்.

இறுதியாக முதலாளிமாருக்கு ஒரு வார்த்தை. கடை வாகனத்தை நீங்கள் தெரிவு செய்கிறீர்கள், ஆனால் நாள் முழுதும் அதில் இருப்பவர் உங்கள் சாரதி. வாங்கும் முன் அவரை ஒரு தடவை உட்கார வைத்துக் கேளுங்கள். வீட்டுக் காரைக் கணவனும் மனைவியும் மாறி மாறி ஓட்டினால் ஏறும் ஒவ்வொரு முறையும் ஆசனத்தையும் கண்ணாடியையும் சரி செய்துகொள்ளுங்கள். லீசிங் தவணை ஐந்து வருடத்தில் தீர்ந்துவிடலாம். முதுகுக்கு அப்படித் தீரும் தவணை கிடையாது.