வீட்டு விஞ்ஞானம்: தடையோடு தடை சேர்ந்தால்

திருவிழாவன்று பெருங்கூட்டம் ஒரே திட்டிவாசல் வழியாக நெருக்கியடித்துக்கொண்டு கோயிலைவிட்டு வெளியே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு அப்பால் இன்னொரு குறுகிய வாசலையும் வைத்தால் சங்கடம் அதிகமாகும். பக்கத்தில் வேறொரு வாசலைத் திறந்துவிட்டாலோ, அது எவ்வளவு குறுகலாயிருந்தாலும் கூட்டம் முன்னைவிடச் சீக்கிரமாகவே கலையும். மின்சாரத்துக்குத் தடையும் இப்படித்தான். நம் வீட்டு விளக்குகளும் கருவிகளும் பக்கம் பக்கமாக, அதாவது இணையாகவே பூட்டப்பட்டிருக்கின்றன. அதனால்தான் ஒரு விளக்கை அணைத்தால் வீடு முழுதும் இருண்டுவிடுவதில்லை.

இத்தகைய தடைகளைச் சாதாரணமாகக் கூட்டலாகாது. இரண்டு தடைகளானால் ஒன்றை மற்றொன்றால் பெருக்கி, வந்த தொகையை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். 230 வோல்ட்டில் 1000 வாட் இஸ்திரிப் பெட்டியின் தடை ஏறக்குறைய 53 ஓம். 750 வாட் டோஸ்டருக்கு 70 ஓம். பெருக்கினால் 3,710, அதை 123-ஆல் வகுத்தால் சுமார் 30 ஓம். இரண்டில் சிறியதான 53-ஐயும்விடக் குறைவு! விடை அப்படி வராவிட்டால் எங்கோ பிசகு என்று பள்ளிப் பிள்ளைகள் தெரிந்துகொள்ளலாம். தடைகள் மூன்று, நான்கு என்றால், ஒவ்வொன்றாலும் 1-ஐ வகுத்து, வந்தவற்றைக் கூட்டி, அத்தொகையால் மறுபடியும் 1-ஐ வகுப்பது முறை. 75 ஓம் தடையுள்ள 700 வாட் அரிசிக் குக்கரையும் சேர்த்துப் பாருங்கள். மொத்தம் இருபத்தொன்றரை ஓம்தான்.

தடை குறைந்தால் என்ன, குடியா முழுகிவிடும்? முழுகினாலும் முழுகும். ஜெர்மானிய உபாத்தியாயரான ஓம் 1827-ல் வெளியிட்ட விதிப்படி, வோல்ட்டைத் தடையால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும். இஸ்திரிப் பெட்டி தனியே இழுப்பது 4.3 ஆம்பியர். மூன்று கருவிகளும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சேர்ந்துவிட்டால் 10.7 ஆம்பியர். அந்தப் பெட்டியைச் செருகியிருக்கும் ஸாக்கெட்டோ 6 ஆம்பியருக்கென்று ஏற்பட்டது! ஓட்டம் இரண்டரை மடங்கானால் கம்பியில் உண்டாகும் உஷ்ணம் ஆறு மடங்காகிறது. அதுவும் சுவருக்குள்ளே, நம் கண்ணுக்குத் தெரியாமல்.

இச்சமயத்தில் பியூஸ் கம்பி தான் உருகி வீட்டைக் காப்பாற்றுகிறது. "அடிக்கடி போய்விடுகிறதே!" என்று சலித்துக்கொண்டு சில புத்திசாலிகள் அவ்விடத்தில் தடித்த செம்புக் கம்பியை முறுக்கிவிடுகிறார்கள். இரவில் கூச்சலிடுகிறான் என்று காவற்காரன் வாயில் துணியை அடைப்பதற்கு இது சமானம். புதிய வீடுகளில் பியூஸுக்குப் பதிலாகத் தானே விழும் எம்.சி.பி. சுவிட்சு இருக்கிறது. அது விழுந்தால் உடனே தூக்கிவிடாமல், எக்ஸ்டென்ஷன் பெட்டியில் எத்தனை கருவிகள் செருகியிருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். குக்கரில் சாதம் ஆகட்டும். சட்டைக்கு இஸ்திரி அதன் பிறகு போடலாம்.