சனி, ஞாயிறு சிப்பாய்கள்

பட்டாளம் எங்கே இருக்கும் என்று கேட்டால் ஒண்ணாங்கிளாஸ் பையன்கூட 'எல்லையில்' என்று சொல்வான். எதிரி எந்தப் பக்கம் வருவானோ அந்தப் பக்கம்தானே துப்பாக்கியைத் திருப்பி வைக்க வேண்டும்? கடற்படை என்றால் கடலோரம். விமானப்படை என்றால் ஓடுபாதை போட வசதியாகப் பொட்டல்காடு. இதற்கெல்லாம் ஜெனரல் மூளை தேவையில்லை.

அமெரிக்காவின் ரிசர்வ் படைக் கட்டடங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று மேப்பில் புள்ளி வைத்துப் பார்த்தால்தான் குழப்பம். எந்த எதிரியும் எட்டிப் பார்க்காத ஒஹையோவில் புள்ளி. சோளக்காடு சூழ்ந்த அயோவாவில் புள்ளி. ஜனநெருக்கடி மிகுந்த கிழக்குக் கரையோரம் அம்மை வார்த்த மாதிரி இருக்கிறது. நெவாடா பாலைவனத்திலோ புள்ளிகளைத் தேடத்தான் வேண்டும். போருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பிஸ்கட் கம்பெனியில் சேல்ஸ் பார்க்கும் நண்பரிடம் காட்டினேன். ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, "இது மிலிட்டரி மேப்பே இல்லப்பா. எங்க ஸ்டாக்கிஸ்ட் மேப் மாதிரி இருக்கு. ஜனம் எங்கேயோ அங்கே புள்ளி" என்றார்.

மனுஷர் சரியாகத்தான் சொன்னார்.

அமெரிக்கத் தரைப்படைக்கு இரண்டு விதமான பகுதி நேரச் சிப்பாய்கள் உண்டு. 'ஆர்மி ரிசர்வ்' மத்திய அரசாங்கத்தின் கையில். 1908ல் வெறும் 160 டாக்டர்களோடு ஆரம்பித்த சமாச்சாரம். 'நேஷனல் கார்ட்' என்பது மாநிலத்துக்கு ஒன்று. வெள்ளமோ புயலோ வந்தால் கவர்னர் கூப்பிடுவார். போர் வந்தால் ஜனாதிபதி கூப்பிடுவார். இரண்டும் சேர்த்து இன்றைக்குச் சுமார் 5 லட்சம் பேர்.

இவர்கள் மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு யூனிஃபார்ம் மாட்ட வேண்டும். வருஷத்தில் இரண்டு வாரம் முகாம். மற்ற நாட்களில் ஆஸ்பத்திரி நர்ஸ், லாரி டிரைவர், பாங்க் கிளார்க், ஸ்கூல் வாத்தியார். போர் என்று கூப்பிட்டுப் போய்விட்டுத் திரும்பினால் பழைய வேலையை சீனியாரிட்டி கெடாமல் கொடுத்தாக வேண்டும் என்று 1994ல் ஒரு சட்டமே போட்டிருக்கிறார்கள். ஒரு சனி, ஞாயிறு என்பது நான்கு டிரில். ஒரு டிரிலுக்கு ஒரு நாள் அடிப்படைச் சம்பளம். அதாவது இரண்டு நாள் வேலைக்கு நாலு நாள் சம்பளம். பி.காம். படித்தவன் என்ற முறையில் அந்த ராணுவத்தில் எனக்கு மிகவும் பிடித்த பிரிவு சம்பளப் பிரிவுதான்.

ஆனால் போக வர பெட்ரோல் செலவு பெரும்பாலும் சிப்பாயின் சொந்தப் பையிலிருந்து. இங்கேதான் பூகோளம் உள்ளே நுழைகிறது. வெள்ளிக்கிழமை ராத்திரி வரை நர்ஸ் வேலை பார்த்தவர், சனிக்கிழமை விடிந்தால் எத்தனை தூரம் வண்டி ஓட்டிக்கொண்டு வருவார்? ராணுவம் வழக்கமாக வைக்கும் கணக்கு 50 மைல், நம் கணக்கில் 80 கிலோமீட்டர். அதற்குள் ஆள் கிடைக்காத இடத்தில் கட்டடம் கட்டினால் காவலுக்கு ஒரு வாட்ச்மேனும் ஒரு நாயும்தான் மிஞ்சும்.

முழுநேர ராணுவத்தில் சிப்பாய் முகாமைத் தேடிப் போகிறான். பகுதி நேர ராணுவத்தில் முகாம் சிப்பாயைத் தேடி வருகிறது. புள்ளிகளின் ரகசியம் இவ்வளவுதான்.

நம் நாட்டிலும் இப்படி ஒரு படை உண்டு. டெரிட்டோரியல் ஆர்மி. 1949 அக்டோபர் 9ஆம் தேதி தொடங்கி வைத்தவர் கவர்னர் ஜெனரலாக இருந்த நம்ம ராஜாஜி. கோயம்புத்தூரிலும் அதற்கு ஒரு பட்டாலியன் இருக்கிறது. டேராடூனில் 1982ல் ஆரம்பித்த பட்டாலியன் இன்னும் விசேஷம். சுண்ணாம்புக்கல் குவாரிகள் மொட்டையடித்த முசோரி மலைகளில் மரம் நடுவதுதான் அதற்குக் கொடுத்த வேலை. மொட்டை மலை எங்கேயோ அங்கே பட்டாளம்.

அமெரிக்காவில் இந்தக் கட்டடங்கள் முளைத்த கதையும் அப்படித்தான், ஒவ்வொரு காலத்துக்கு ஒரு நியாயம்.

1877ல் பெரிய ரயில்வே வேலை நிறுத்தம் நடந்து கலவரமானது. பயந்துபோன பணக்காரர்கள் நகரத்துக்கு நடுவே 'ஆர்மரி' என்ற பெயரில் கோட்டைகளை எழுப்பினார்கள். கொத்தளம், கோபுரம், துப்பாக்கி நீட்டச் சுவரில் ஓட்டை, எல்லாம் உண்டு. எதிரி யார்? கடல் கடந்து வருகிறவன் அல்ல, சம்பளம் கேட்கிற தொழிலாளி. நியூயார்க் பார்க் அவென்யூவில் ஏழாவது ரெஜிமெண்டுக்காகக் கட்டியது கோட்டையா கல்யாண மாளிகையா என்று சொல்ல முடியாது. அந்த ரெஜிமெண்டுக்கே 'பட்டுக் காலுறை ரெஜிமெண்ட்' என்று பட்டப்பெயர். இப்போது அங்கே கச்சேரியும் நாடகமும் நடக்கின்றன.

1930களின் பொருளாதார மந்தத்தில் நியாயம் மாறியது. வேலையில்லாதவர்களுக்குக் கூலி கொடுக்க ஒரு சாக்கு வேண்டும். ரூஸ்வெல்ட் அரசாங்கம் சின்னச் சின்ன ஊர்களில் ஆர்மரி கட்ட வைத்தது. ஒக்லஹோமாவில் மட்டுமே டஜன் கணக்கில். பெரிய ஹால், மேலே கூரை, நடுவில் தூண் கிடையாது. ஊர்க்காரர்கள் விடுவார்களா? கூடைப்பந்து, குத்துச்சண்டை, டான்ஸ், ஓட்டுப்பதிவு, வெள்ளம் வந்தால் படுக்கை என்று சகலமும் அங்கேதான். ராணுவம் மாதத்தில் ஒரு தடவை வந்து போகும் விருந்தாளி!

அப்புறம் கணக்கப்பிள்ளைகள் வந்தார்கள். 2005ல் ஒரு கமிஷன் உட்கார்ந்து லெட்ஜரைப் புரட்டியது. பழைய கட்டடம், ஒழுகும் கூரை, ஜனமோ தெற்கேயும் மேற்கேயும் குடிபெயர்ந்தாயிற்று. நேஷனல் கார்ட் ஆர்மரிகள் 211, ஆர்மி ரிசர்வ் சென்டர்கள் 176, மொத்தம் 387ஐ மூடிவிட்டு, இரண்டு படைக்கும் பொதுவாக 125 புதிய சென்டர்கள் கட்டுவது என்று முடிவானது. 2011 செப்டம்பர் 15 கெடு. புதியவற்றில் வேலி உண்டு, கேட் உண்டு, கார் குண்டுக்குப் பயந்து ரோட்டிலிருந்து தள்ளி நிற்கும். டான்ஸ் ஆடலாமா என்று கேட்டு உள்ளே போக முடியாது.

கணக்கு என்ற வகையில் நான் குறை சொல்ல மாட்டேன். லெட்ஜரில் ஏறாத ஒரு பத்தி இருக்கிறது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

பெட்ஃபோர்ட் என்று வர்ஜீனியாவில் ஒரு சிற்றூர். 1944ல் ஜனத்தொகை மூவாயிரத்துச் சொச்சம். அந்த ஊர் நேஷனல் கார்ட் பையன்கள், ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள், ஒரே கம்பெனியில் இருந்தார்கள். ஜூன் 6ஆம் தேதி நார்மண்டிக் கடற்கரையில் முதல் அலையில் இறங்கினார்கள். அன்று ஒரே நாளில் சுமார் 20 பேர் போனார்கள். ஜூலையில் மருந்துக் கடையிலிருந்த தந்தி இயந்திரம் ஒவ்வொரு பெயராகத் துப்பியது. டி-டே நினைவுச் சின்னத்தைத் தலைநகரில் வைக்காமல் 2001ல் பெட்ஃபோர்டில் வைத்ததற்கு அதுதான் காரணம்.

அதுவாவது சண்டைக்கென்றே போன படை. பென்சில்வேனியாவில் கிரீன்ஸ்பர்க் என்ற ஊரின் ரிசர்வ் பிரிவுக்கு வேலை, சிப்பாய்களுக்குக் குடிதண்ணீர் சுத்தம் செய்து கொடுப்பது. மொத்தம் 69 பேர். 1991 வளைகுடாப் போருக்காக சவூதி அரேபியா போய்ச் சேர்ந்து ஆறே நாள். பிப்ரவரி 25 ராத்திரி, தஹ்ரானில் அவர்கள் தங்கியிருந்த கட்டடத்தின்மேல் இராக்கின் ஸ்கட் ஏவுகணை விழுந்தது. செத்த 28 பேரில் 13 பேர் இந்தத் தண்ணீர்ப் பிரிவு. 43 பேருக்குக் காயம். மூன்று நாளில் போர் நின்றுவிட்டது.

பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை ஒரே பிரிவில் சேர்த்தால் சாவும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்கு வரும். கொடுமைதான். ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அந்த ஊரில் யாருக்கும் போர் என்பது டெலிவிஷன் நிகழ்ச்சி இல்லை. பால் போடுகிறவர், பாடம் நடத்துகிறவர், ஊசி போடுகிறவர் என்று யாராவது ஒருவர் போயிருப்பார். போகலாமா, வேண்டாமா என்று ஊரே ஒருமுறைக்கு இருமுறை யோசிக்கும். சென்டரை மூடி 100 கிலோமீட்டர் தள்ளி வைத்தால் கூரை ரிப்பேர் செலவு மிச்சம். கூடவே அந்த யோசனையும் அந்த ஊரைவிட்டுக் கிளம்பிவிடும். மேப்பில் ஒரு புள்ளியை அழித்தால் அழிவது கட்டடம் மட்டுமில்லை சார்.

ஆகவே, எந்த நாட்டிலும் யாராவது மேஜையைத் தட்டி, "அடிச்சு நொறுக்கணும்!" என்று முழங்கினால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அவர் வீட்டிலிருந்து ரிசர்வ் சென்டர் எவ்வளவு தூரம்? 80 கிலோமீட்டருக்கு மேல் என்றால் பேச்சில் பாதியைத் தள்ளுபடி செய்துவிடலாம்.