சின்னக் குழாய்தானே என்று அடைக்கலாமா?



எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். ஆட்டோமொபைல் படிக்கிறேன் என்றதும் தெருவுக்கே நான் மெக்கானிக்! போன லீவில் சித்தப்பா தன் வாடகைக் காரோடு வந்து நின்றார். "கியர் பாக்ஸை இறக்கி ரெண்டு தடவை ஆயில் சீல் மாத்தியாச்சுடா. மறுபடியும் ஒழுகுது. நீ என்னதான் படிக்கிற, பாரேன்" என்றார்.

பார்த்தேன். டேப்பெட் கவரிலிருந்து இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகும் ஹோஸில் யாரோ ஒரு போல்ட்டைச் சொருகி கிளிப் போட்டிருந்தார்கள். ஆயிலை உறிஞ்சுகிறது என்று அடைத்தார்களாம்! ஏர் ஃபில்டர் பக்கத்து ஹோஸும் கசடு பிடித்து அடைந்து கிடந்தது. எஞ்சின் எப்படி மூச்சு விடும்?

பிஸ்டன் ரிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கொஞ்சம் வாயு கீழே இறங்கத்தான் செய்யும். அதில் எரியாத பெட்ரோல் உண்டு, நீராவி உண்டு. வெளியேற வழி இல்லாவிட்டால் ஆயில் கெட்டுக் கசடாகும். பிரஷர் ஏறி ஆயில் சீல் வழியே ஆயிலைத் தள்ளும். அந்தக் காலத்தில் இந்தப் புகையை ரோட்டில்தான் விட்டார்கள். 1961-ல் கலிபோர்னியாதான் இதைத் தடுக்க முதலில் முனைந்தது. எஞ்சின் தன் புகையைத் தானே உறிஞ்சி எரிக்கும் பி.சி.வி. வால்வு அப்படித்தான் பரவியது.

இன்ஜெக்ஷன் வண்டியில் இன்னொரு சங்கதியும் உண்டு. காற்றை அளந்துதான் கம்ப்யூட்டர் பெட்ரோல் விடுகிறது. ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள எஞ்சினில், டேப்பெட் கவருக்குப் போகும் சுத்தக் காற்று ஹோஸ் சென்சாருக்குப் பிறகு, த்ராட்டிலுக்கு முன்னால் தொடங்க வேண்டும். அதைக் கழற்றிவிட்டு ஸ்டைலாகச் சின்ன ஃபில்டர் மாட்டுகிறார்களே, அப்போது அளக்காத காற்று வால்வு வழியே உள்ளே போகும். ஐட்லிங் ஆடும், எஞ்சின் லைட் எரியும். அப்புறம் சென்சார் போச்சு என்று ஆயிரக்கணக்கில் செலவு!

சோதிப்பது சுலபம். தனியாகக் கழலும் வால்வு என்றால் குலுக்கிப் பாருங்கள், 'டக் டக்' என்று சத்தம் வர வேண்டும். ஐட்லிங்கில் வால்வு முனையில் விரலை வைத்தால் இழுக்க வேண்டும். மாற்றினால் அந்த எஞ்சினுக்கு உரிய வால்வையே போட வேண்டும். ரிங் தேய்ந்து போயிருந்தால் மட்டும் எந்த ஹோஸும் காப்பாற்றாது.

சித்தப்பா காரில் சீலை நான் தொடவே இல்லை. ஹோஸ்களைக் கழுவி, புது வால்வு போட்டேன். மூன்று வாரம் கழித்து, "தரை காய்ஞ்சிருக்குடா" என்றார். எனக்கு அதுதான் டிப்ளமோ!

ஆனால் நண்பர்களே, வெட்கத்தோடு ஒன்று சொல்கிறேன். இதே படத்தை சீனியர் ரெக்கார்டைப் பார்த்து ஸ்கெட்ச் பேனாவில் வரைந்து முழு மார்க் வாங்கியவன் நான். வால்வைக் கையில் எடுத்தது சித்தப்பா காரில்தான் முதல் தடவை! போல்ட்டைச் சொருகிய மெக்கானிக்கை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. படித்த நமக்கு என்ன சாக்கு?

இனி வரைவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது கழற்றி மாட்ட வேண்டும். அதற்கு லேபில் ஓர் ஓடுகிற இன்ஜெக்ஷன் எஞ்சின் வேண்டும் என்று நாம் ஒன்றாகக் கேட்போம். நம்மை நம்பி வண்டியை நிறுத்தப் போகிறவர்கள் சித்தப்பாவைப் போல அன்றாடம் ஓட்டிச் சாப்பிடுகிறவர்கள். அவர்கள் காசு நம் ரெக்கார்டு நோட்டை விடப் பெரிது!

— இரண்டாம் ஆண்டு மாணவன்,
ஆட்டோமொபைல் பிரிவு