பயங்காட்டுவதற்கும் ஓர் அமானிதம் உண்டு

"நல்லா பயங்காட்டுங்க சேர், அப்பதான் புள்ளைகள் கேக்கும்." பாடசாலையில் போதைப்பொருள் விழிப்புணர்வு நிகழ்ச்சி என்றதும் பெற்றோர் நம்மிடம் சொல்வது இதைத்தான். பிள்ளைகளுக்குப் பயம் வேண்டும். ஆனால் அது உண்மையில் இருந்து வர வேண்டும். இதற்கு நல்லதோர் உதாரணம் அமெரிக்காவில் நடந்தது.

2002 செப்டெம்பரில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜோர்ஜ் ரிக்கோர்ட்டே குழுவினர் 'சயன்ஸ்' சஞ்சிகையில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். எக்ஸ்டஸி எனும் போதை மாத்திரையின் மூலப்பொருளான எம்.டி.எம்.ஏ.யை 10 குரங்கினங்களுக்கு மூன்று மணித்தியால இடைவெளியில் மூன்று தடவை ஏற்றியதாகவும், இரண்டு இறந்ததாகவும், எஞ்சியவற்றின் மூளையில் டொபமின் நரம்புகள் கடுமையாகச் சிதைந்ததாகவும் அதில் எழுதியிருந்தார்கள். பார்க்கின்சன் நோயில் அழிவதும் டொபமின் நரம்புகளே. அதனால் ஓர் இரவுப் பாவனையே அந்நோய்க்கு வழிவகுக்கலாம் என்ற எச்சரிக்கை பெரும் செய்தியானது.

பின்னர் அதே குழு அதே பரிசோதனையை மீண்டும் செய்தது. அந்த முடிவு வரவில்லை. காரணம் தேடி, இறந்த விலங்குகளின் உறைய வைத்திருந்த மூளைகளைச் சோதித்தார்கள். அவற்றில் எம்.டி.எம்.ஏ. இல்லை, மெத்தம்பெட்டமின் இருந்தது! போத்தல்களில் லேபிள் மாறியிருந்தது. ஒன்றைத் தவிர மற்ற எல்லா விலங்குகளுக்கும் ஏற்றப்பட்டது வேறு மருந்து. 2003 செப்டெம்பரில் ஆய்வை மீளப் பெற்றார்கள்.

இதனால் எக்ஸ்டஸி பாதுகாப்பானது என்று ஆகிவிடாது. உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறி அதனால் இறந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நாம் சொன்ன ஒன்று பொய்யென்று பிடிபட்டால், நாம் சொல்லும் ஒன்பது உண்மைகளையும் பிள்ளை தூக்கி எறிந்துவிடும். இன்று கையில் போன் இருக்கும் பிள்ளைக்குச் சரிபார்க்க இரண்டு நிமிடம் போதும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த நரம்புகளைச் சிதைத்த மெத்தம்பெட்டமின் வேறெதுவுமல்ல, நமது ஊர்களில் 'ஐஸ்' என்று விற்கப்படுவதுதான். விலங்குகளுக்கு ஏற்றிய அளவை வைத்து "ஒருமுறை பாவித்தால் பார்க்கின்சன்" என்று நாம் சொல்லக் கூடாது. ஆனால் கலிபோர்னிய மருத்துவமனைப் பதிவுகளை வைத்துச் செய்த பெரிய ஆய்வொன்றில், மெத்தம்பெட்டமின் பாவனையால் மருத்துவமனைக்கு வந்தவர்களிடம் பிற்காலத்தில் பார்க்கின்சன் நோய் கூடுதலாகக் காணப்பட்டது. இந்த உண்மையே போதும். இதற்கு மேல் உப்புப் புளி சேர்க்கத் தேவையில்லை.

போதை ஹராம் என்பதில் நமக்கு இரண்டாவது கருத்தில்லை. அதைச் சொல்லப் பொய்யான விஞ்ஞானத்தின் துணையும் வேண்டியதில்லை. ஆகவே அதிபர்களே, ஆசிரியர்களே, பள்ளிவாசல் நிர்வாகிகளே, அடுத்த கருத்தரங்குக்கு முன் காட்டப்போகும் படத்தையும் வாசிக்கப்போகும் தகவலையும் துறை தெரிந்த ஒரு வைத்தியரிடம் கொடுத்துச் சரிபார்ப்போம். பிள்ளை கேட்கும் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால், "தேடிப் பார்த்து நாளைக்குச் சொல்றேன் மகன்" என்போம். மறுநாள் மறக்காமல் சொல்வோம்.