கையெழுத்து போடத் தெரிந்தால் போதுமா? உலக எழுத்தறிவுப் பணியில் ஒரு வேலூர்க்காரர்!

ஓசூர் சிப்காட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு மாதாமாதம் ஒரு சம்பள ரசீது வரும். எத்தனை நாள் வேலை, ஓவர்டைம் எவ்வளவு, பி.எஃப். பிடித்தம் எவ்வளவு என எல்லாம் அதில் இருக்கும். தன் பெயரை மட்டும் எழுதத் தெரிந்த ஒரு தொழிலாளிக்கு அந்தத் தாள் என்ன சொல்லும்?

பெயர் எழுதத் தெரிந்தாலே படிப்பு வந்துவிட்டதா என்ற கேள்வியை 1960-களில் யுனெஸ்கோ தீவிரமாகக் கையிலெடுத்தது. அப்போது அதன் துணைத் தலைமை இயக்குநர் ஒரு தமிழர். அவர்தான் மால்கம் ஆதிசேஷையா!

1910-ல் வேலூரில் பிறந்தவர். சென்னை லயோலா கல்லூரி, லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், கேம்பிரிட்ஜ் எனப் படித்துவிட்டு, சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்தார். 1948-ல் யுனெஸ்கோவில் சேர்ந்து, 1963 முதல் 1970 வரை துணைத் தலைமை இயக்குநர் பொறுப்பை வகித்தார்.

வயலுக்குப் போன பாடம்

1965 செப்டம்பர் 8 அன்று ஈரானின் டெஹ்ரானில் உலக நாடுகளின் கல்வி அமைச்சர்கள் எழுத்தறிவின்மையை ஒழிப்பது பற்றிப் பேசக் கூடினார்கள். அந்த நாள்தான் இன்று உலக எழுத்தறிவு தினம்.

பெரியவர்களுக்குக் குழந்தைகளின் பாடப்புத்தகத்தைக் கொடுக்காமல், அவர்கள் செய்யும் வேலையோடு எழுத்தைச் சேர்த்துக் கற்றுத்தர வேண்டும் என்ற யோசனை அந்தக் கூட்டத்தில் வலுப்பெற்றது. இந்தியா உட்பட 11 நாடுகளில் அது சோதித்துப் பார்க்கப்பட்டது. நம் நாட்டில் விவசாயிகளுக்கு விதை, உரம் பற்றிய பயிற்சியும் எழுத்தும் சேர்த்தே கற்பிக்கப்பட்டன. வானொலியும் கைகொடுத்தது.

ஆனால், எதிர்பார்த்த அளவுக்குப் பலன் கிடைக்கவில்லை. 1976-ல் வெளியான மதிப்பீடு இதை வெளிப்படையாகவே சொன்னது. உற்பத்தியைப் பெருக்குவதிலேயே கவனம் இருந்தது. படிப்பவரின் வாழ்க்கைக்கு அதில் போதிய இடம் இல்லை. பெரிய பாடம் இதுதான்!

ஊர் திரும்பியவர்

யுனெஸ்கோவிலிருந்து வந்ததும், 1971-ல் மனைவி எலிசபெத்துடன் சேர்ந்து சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார் ஆதிசேஷையா. 1975 முதல் 1978 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர், பிறகு மாநிலங்களவை நியமன உறுப்பினர், சர்வதேச வயதுவந்தோர் கல்வி அவையின் தலைவர் என அவர் பணி தொடர்ந்தது. 1994-ல் காலமானார். அவர் பெயரில் யுனெஸ்கோ சர்வதேச எழுத்தறிவுப் பரிசும் வழங்கியது.

கிருஷ்ணகிரிக்கு ஏன் முக்கியம்?

2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தின் எழுத்தறிவு சுமார் 80%. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அது சுமார் 71% மட்டுமே. அதாவது, 7 வயதைத் தாண்டியவர்களில் 10 பேரில் கிட்டத்தட்ட 3 பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

எல்லைப் பகுதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழ் படிக்கத் தெரிந்தவர்கூட, ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளி போனதும் கன்னடப் பலகைகளுக்கு முன் திகைத்து நிற்க வேண்டியிருக்கும். வட மாநிலத்திலிருந்து ஓசூருக்கு வேலைக்கு வருபவருக்கோ தமிழ்ப் பலகை அதே கதைதான்.

மெஷினில் எழுதியிருப்பதை ஒரு தொழிலாளி படித்தால் கம்பெனிக்கு லாபம். சம்பள ரசீதையும், வங்கிக் குறுஞ்செய்தியையும், மருந்துச் சீட்டையும் படித்தால் அவருக்கு லாபம். இரண்டாவதையும் கற்றுத்தருவதுதான் முழுமையான எழுத்தறிவு.

2022-ல் தொடங்கிய ‘புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம்’ 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. எழுத்து, எண்ணோடு வங்கிக் கணக்கு, டிஜிட்டல் பயன்பாடு போன்றவற்றுக்கும் அதில் இடமுண்டு. சொல்லிக்கொடுப்பவர்கள் தன்னார்வலர்கள். வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ படிக்க ஆசைப்படும் பெரியவர்கள் இருந்தால், அருகிலுள்ள அரசுப் பள்ளியில் விசாரித்துச் சொல்லுங்கள். கூச்சத்தால் அவர்களே போய்க் கேட்கத் தயங்கலாம். கூட ஒருவர் போனால் போதும்!