வலியை எடுத்துரைப்பதும் பொறுமையே

அறுவை மருத்துவம் முடிந்து படுத்திருப்பவரைக் காணச் செல்வோர் கூறும் முதற்சொல், 'ஸபூர் செய்யுங்கள்' என்பதாகும். பொறுமை ஈமானின் அணிகலன், ஐயமில்லை. ஆயினும், வலியை வெளியே சொல்லாது பல்லைக் கடித்துக் கிடப்பதே பொறுமை என நம்மவருள் பலர், சிறப்பாக முதியோரும் தாய்மாரும், கருதிவிடுகின்றனர். இக்கருத்து திருத்தப்பட வேண்டியதாகும்.

1846ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் ஈதர் மயக்கத்தில் அறுவை செய்து காட்டப்பெற்றது. அதன்பின் கத்தியின் வலி படிப்படியாக அகன்றது. கத்திக்குப் பிந்திய வலியையோ நாம் இன்னும் பேசத் தயங்குகிறோம். அதன் கேடு வலியோடு முடிவதில்லை. வயிற்றிலோ மார்பிலோ அறுவை செய்யப்பெற்றவர் வலிக்கு அஞ்சி ஆழ்ந்து மூச்சிழுப்பதில்லை. இருமிச் சளியை வெளியேற்றுவதில்லை. சளி தேங்கி நிமோனியாவுக்கு வழி பிறக்கிறது. எழுந்து நடவாமையால் கால்களில் குருதி உறையவும் கூடும். ஆகவே, வலி தணிப்பது சொகுசன்று. சிகிச்சையின் ஒரு கூறு.

வலி முற்றியபின் மாத்திரையைத் தேடுவதினும், முதற்சில நாள்கள் மருத்துவர் வகுத்த வேளையில் தவறாது உட்கொள்வதே நன்று. இருமும்போது தையலின்மீது தலையணையை அணைத்துக்கொள்வது எளிய உபாயம். 0 முதல் 10 வரை வலிக்கு எண் தந்துரைத்தால் செவிலியர்க்கு நிலை விளங்கும். எனினும், தாமே மாத்திரையைக் கூட்டிக்கொள்ளுதல் தகாது. பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும். இபுபுரூஃபன் போன்றவை இரைப்பையையும் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடும். மருந்துக்குப் பின்னும் பெருகும் வலி, உள்ளே நேர்ந்த சிக்கலின் அறிவிப்பாகலாம். வலியை மறைப்பவர் அவ்வறிவிப்பையும் மறைத்துவிடுகிறார்.

நபி அய்யூப் (அலை) அவர்கள் பொறுமைக்கே இலக்கணமானவர்கள். அன்னாரும் தம்மைத் துன்பம் தீண்டியதென இறைவனிடம் முறையிட்டதைத் திருக்குர்ஆனின் 21ஆம் அத்தியாயம் கூறுகிறது. அவர்களையே பொறுமையாளர் என 38ஆம் அத்தியாயத்தில் இறைவன் புகழ்கிறான். முறையீடு பொறுமைக்கு முரணன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? மருத்துவம் செய்துகொள்ளுமாறு பெருமானார் (ஸல்) அவர்களும் ஏவியுள்ளார்கள். எனவே, மருத்துவரிடம் வலியை உரைப்பது, நோய் தீர இறைவன் அமைத்த வழியை நாடுவதேயாகும்.

இனி நோயாளியிடம் 'ஸபூர்' என்று சொல்லுமுன், 'வலி எப்படி இருக்கிறது? வேளைக்கு மருந்து உண்டீர்களா?' என்று கேட்போமாக. அல்லாஹ் யாவர்க்கும் நற்சுகம் அருள்வானாக!