லடாக் ஏற்றத்துக்கு டர்போ பைக் போதுமா? கியரை ஏன் மாற்ற வேண்டும்?

சென்னை ஈசிஆரில் சீறிப் பாயும் பைக், லடாக்கின் கர்துங் லா கணவாயில் இரண்டாவது கியரிலேயே திணறும். "த்ராட்டிலை முழுசா முறுக்கியும் ஏற மாட்டேங்குதே" என்ற புலம்பல் அந்தச் சாலையில் சகஜம். 2024 நவம்பரில் மிலன் கண்காட்சியில், மின்சார கம்ப்ரஸர் பொருத்திய வி3 இன்ஜினை ஹோண்டா காட்டியது. 'டர்போ மாதிரி ஏதாவது இருந்தால் மலையில் பிரச்சினையே இருக்காதா?' என்ற கேள்வி எழுவது இயல்புதான். பதில்: பாதி ஆம், பாதி இல்லை.

மலையில் என்ன நடக்கிறது?

கர்துங் லாவின் உயரம் 17,582 அடி. கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் அங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய பாதிதான். டர்போ இல்லாத இன்ஜின், ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் சுமார் 10% சக்தியை இழக்கும். கீழே 24 எச்பி தரும் பைக், அங்கே 12 அல்லது 13 எச்பி தந்தாலே அதிகம்.

டர்போ எவ்வளவு ஈடுகட்டும்?

சைலன்ஸர் வழியாக வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று, காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுவதுதான் டர்போ. எளிய கணக்கு: கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 1 பார், டர்போ சேர்ப்பது 0.5 பார் என்றால் மொத்தம் 1.5. கர்துங் லாவில் 0.5 + 0.5 = 1 பார். அதாவது, டர்போ இல்லாத பைக் சென்னையில் இழுக்கும் காற்று கிடைத்துவிடும். ஆனால், டர்போ பைக்கின் சொந்த பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும்.

அதையும் மீட்க நினைத்தால், அங்குள்ள காற்றை மூன்று மடங்கு அழுத்த வேண்டும். டர்போ அளவுக்கு மீறிச் சுழலும், உள்ளே போகும் காற்று கொதிக்கும், இன்ஜினில் 'நாக்கிங்' தொடங்கும். பிஸ்டன் ஓட்டையாகும் அபாயமும் உண்டு.

அப்போ சிக்கல் எங்கே?

ஹேர்பின் வளைவில். அங்கே வேகமும் ஆர்பிஎம்மும் குறைவு. புகை போதாததால் டர்போ விழிக்காது. 1982இல் வந்த ஹோண்டா சிஎக்ஸ்500 டர்போவின் கம்ப்ரஷன் விகிதம் 7.2 மட்டுமே, டர்போ இல்லாத சிஎக்ஸ்500இல் அது 10. டர்போ விழிக்கும்வரை அப்படிப்பட்ட இன்ஜின் சாதா இன்ஜினைவிட மந்தமாகவே இழுக்கும். விழித்ததும் சக்தி குபீரென்று வரும். ஜல்லிச் சாலையில் பின்சக்கரம் வழுக்க அது போதும்.

கியரில் என்ன செய்யலாம்?

முன் ஸ்ப்ராக்கெட்டை 15 பல்லிலிருந்து 14க்கு மாற்றினால், அதே வேகத்தில் ஆர்பிஎம் சுமார் 7% கூடும். டர்போ சீக்கிரம் வேலைக்கு வரும். அரை கிளட்ச்சில் இழுக்கும் நேரம் குறையும். டாப் ஸ்பீடு குறையும்தான், ஆனால் கணவாயில் அது யாருக்கு வேணும்? ரொம்பவும் சின்ன ஸ்ப்ராக்கெட் போட்டால் செயின் சீக்கிரம் தேயும். சில பைக்குகளில் ஸ்பீடோமீட்டரும் கூட்டிக் காட்டும்.

ட்யூனிங்கில்?

கார்புரேட்டர் பைக் என்றால், மலையில் காற்று குறைந்து பெட்ரோல் மிகுந்துவிடும்; சிறிய மெயின் ஜெட் தேவை. இறங்கியதும் பழையதை மாட்டாவிட்டால் இன்ஜின் சூடாகும். எஃப்ஐ பைக்கில் பிரஷர் சென்ஸார் இதைத் தானே சரிசெய்யும். டர்போ பைக்கில் பூஸ்ட்டைக் கூட்டும் வேலையைக் கடைசியிலும் தொடாதீர்கள்.

மின்சார கம்ப்ரஸர் புகையை நம்பி இல்லை. குறைந்த ஆர்பிஎம்மிலும் காற்றைத் தள்ளும். ஹேர்பின் பிரச்சினைக்கு இது நல்ல செய்தி. ஆனாலும், உள்ளே இழுக்கும் காற்று அதே மெல்லிய காற்றுதான்.

வெளியில் டர்போ கிட் மாட்டலாமா?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவின்படி, ஆர்சியில் உள்ள விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸும் கைவிரிக்கலாம்.

ஆக, வரிசை இதுதான்: முதலில் ஸ்ப்ராக்கெட், அடுத்து பெட்ரோல் அளவு, லக்கேஜைக் குறைப்பது மூன்றாவது. பின்னால் ஒருவரை உட்கார வைத்துக்கொண்டு ஏற்ற வளைவில் வண்டி ஆஃப் ஆனால், பைக் பின்னோக்கி உருளும். அந்த நொடியில் காப்பாற்றுவது இன்ஜினின் உச்ச சக்தியல்ல, முதல் கியரின் இழுவைதான்.